மணிமேகலை வரவில்லை

சினிமாக் கொட்டகைக்குள் ஒருமுறையேனும் காலெடுத்து வையாமல் எழுபது வயதை எட்டிவிட்ட மூதாட்டி ஒருவரை, 2022-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் நாம் தஞ்சைக்கு அழைத்துச் சென்று திரைப்படம் காட்டினோம். அச்செயல் தகுமா தகாதா என்னும் விசாரணையை மார்க்கம் கற்ற பெரியோர்களிடம் விட்டுவிடுகிறோம். நாம் எழுத முற்பட்டது வேறு செய்தி.

அம்மூதாட்டி நம் பெரியத்தாவின் மகள், நமக்கு அக்கா. பூதலூரில் நாம் பிறந்து வளர்ந்த அதே வீட்டில் இன்றும் வாழ்பவர். படத்துக்கு அழைத்துப் போகும்படி கேட்டவரும் அவரே. ‘வந்தியத்தேவனக் காட்டுறாங்களாமே தம்பி, ஒரு தடவ பாத்துட்டு வந்துருவோம்’ என்றார். ஊரைவிட்டுப் போய் ஐம்பத்தைந்து ஆண்டுகளான உறவினன் ஒருவன் திரும்பி வந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டவருடைய குரல் அது. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ மீது நம் வீட்டாருக்கு இருந்த பற்றை விளக்கினாலன்றி, அதைத் தழுவி வந்த படங்களின்மேல் நமக்கு உண்டான மனத்தாங்கல் வாசகர்க்கு விளங்காது. ஆகவே கொஞ்சம் பின்னோக்கிச் செல்ல வேண்டியிருக்கிறது.

அந்நாவல் ‘கல்கி’ வார இதழில் 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே மாதம் வரை, ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள் தொடர்ந்து வெளிவந்தது. ஓவியர் மணியத்தின் சித்திரங்கள் அதற்குக் கண்ணாக அமைந்தன. நாம் பிறப்பதற்கு முன்பே முடிந்துவிட்ட தொடர்தான். ஆனால் அக்காலத்தில் தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்து வைத்துக்கொள்ளும் வழக்கம் தஞ்சைத் தரணியில் வீட்டுக்கு வீடு இருந்தது. அடுத்த தெருவில் குடியிருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரிடம் ஐந்து பாகங்களும் காலிகோ அட்டையில் ஐந்து பொதிகளாக இருந்தன. 1966-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் அவற்றுள் முதற்பொதி நம் வீட்டுக்கு இரவலாக வந்தது.

வாசித்தவர் அக்கா. அப்போது அவருக்கு வயது பதினான்கு. வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடம் நின்றுபோன பெண்களில் அவரும் ஒருவர். கேட்டவர் நன்னி. நன்னிக்குக் குர்ஆன் ஓதத் தெரியும். அரபு எழுத்தில் எழுதப்பட்ட தமிழையும் தடையின்றி வாசிப்பார். தமிழெழுத்து மட்டும் தெரியாது. அரபுத் தமிழில் அச்சான மாலைகளும் கிஸ்ஸாக்களும் படித்துப் பழகிய காது அது. இஷா தொழுகை முடிந்து ஆண்கள் திண்ணைக்குப் போன பிறகு, உள்கட்டில் நன்னியும் பெரியம்மாவும் அம்மாவும் அண்டை வீட்டுப் பெண்கள் இருவரும் உட்கார, அரிக்கன் விளக்கடியில் அக்கா வாசிப்பார். சிறுவர் என்ற சலுகையால் நாமும் அங்கே ஓரமாக முடங்கிக் கிடப்போம். அத்தா இதைத் தடுக்கவில்லை. கொட்டகைக்குப் போவது கூடாது, கதை கேட்பதில் குற்றமில்லை என்பது அவர் வகுத்திருந்த எல்லை. அந்த எல்லையை நாம் பின்னாளில் பலமுறை திருட்டுத்தனமாகத் தாண்டினோம். டெண்டுக் கொட்டகையின் மணலில் அமர்ந்து ‘நாடோடி மன்னன்’ பார்த்துவிட்டு வந்து, அப்படத்தின் உரையாடலைக் கண்ணதாசனோடு சேர்ந்து எழுதிய ரவீந்தர் என்பவர் நாகூர்க்காரரான காஜா மொகிதீன் என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தோம். அத்தாவிடம் அந்த வாதம் செல்லுபடியாகவில்லை.

நிற்க. முஸ்லிம் வீட்டுப் பெண்களுக்குச் சோழர் கதையில் அப்படி என்ன ஒட்டுதல் என்று சிலர் வினவக்கூடும். அரசர்களால் வந்த ஒட்டுதல் அன்று, ஆற்றால் வந்தது. நாவல் ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்குகிறது. புதுவெள்ளம் பாயும் ஓசையோடுதான் வந்தியத்தேவன் நமக்கு அறிமுகமாகிறான். முதற்பாகத்தின் பெயரே ‘புது வெள்ளம்’. பூதலூர்க்காரர்களுக்கு இது கதையன்று, ஆண்டுதோறும் நடக்கிற காரியம். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நீர் பிரிகிறது. அவற்றுள் கல்லணைக் கால்வாயை எங்கள் பக்கத்துக் கிழவர்கள் இன்றும் ‘புதாறு’ என்றே சொல்வார்கள். மேட்டூர் அணை எழுந்த 1934-ஐ ஒட்டி வெட்டப்பட்டதாதலின் அவர்களுக்கு அது எப்போதும் புது ஆறுதான். அணை திறந்த செய்தி வந்த நாள்தொட்டு, வாய்க்கால் தலைப்பில் ஈரம் தெரிகிறதா என்று வீட்டுச் சிறுவர்களை ஓடிப் பார்த்துவரச் சொல்வார் நன்னி. குத்தகைக்கு விட்டிருந்த நிலம் ஒன்றரை வேலி. அந்த நெல்லை நம்பித்தான் அடுப்பு. ஆடிப் பதினெட்டன்று அண்டை வீட்டு இந்துப் பெண்கள் மஞ்சளும் காதோலையும் கருகமணியுமாக ஆற்றுக்குப் போய்த் திரும்புகையில் நம் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் காப்பரிசி வரும். நம் வீட்டிலிருந்து பெருநாளன்று அவர்களுக்குப் பலகாரம் போகும். ஆகவே, ஏரிக்கரையில் குடும்பம் குடும்பமாக அமர்ந்து கூட்டாஞ்சோறும் சித்திரான்னமும் தின்னும் காட்சியை அக்கா வாசித்தபோது நன்னி அதை வரலாறாகக் கேட்கவில்லை. ‘நம்ம வெண்ணாத்தங்கர மாதிரியே சொல்றானே’ என்றார்.

நன்னிக்கு நாவலின்மேல் குறையும் உண்டு. இரண்டாம் பாகத்தில் குதிரைகளோடு வந்து கப்பல் உடைந்து கரையேறிய அரபு மாலுமிகள் சில பக்கங்களில் தோன்றுவார்கள். கல்கி அவர்களை முரடர்களாகவே காட்டியிருப்பார். அந்த இடம் வந்தபோது நன்னி வாசிப்பை நிறுத்தச் சொல்லி, குதிரை வாணிகம் செய்ததனால்தானே நமக்கு இராவுத்தர் என்று பெயர் வந்தது, அவர்களில் ஒருவன்கூடவா நல்லவனாக இருந்திருக்க மாட்டான் என்று கேட்டார். பதில் சொல்ல யாருமில்லை. ‘சரி, படி’ என்றார். அந்தக் கேள்வியை இத்தனை ஆண்டுகள் கழித்தும் நாம் நியாயமான கேள்வியாகவே கருதுகிறோம். ஆனால் ஒரு மனத்தாங்கலுக்காக முழுக்கதையையும் தள்ளிவிடும் குணம் நன்னிக்கு இல்லை.

இனி மணிமேகலைக்கு வருவோம். நாவலைப் படியாதவர்களுக்காக ஒரு சொல்: இவள் கடம்பூர்ச் சம்புவரையரின் மகள், கந்தமாறனின் தங்கை. அண்ணன் தன் நண்பன் வந்தியத்தேவனின் வீரத்தைப் புகழ்ந்து சொல்லச் சொல்ல, அவனைக் காணாமலே அவன்மீது உள்ளத்தைப் பறிகொடுத்தவள். பிறகு அதே அண்ணன், அவனை மறந்துவிடு, உனக்கு அரச குடும்பத்தில் இடம் பார்க்கிறோம் என்கிறான். அவள் மறக்கவில்லை. ஆதித்த கரிகாலன் கொலையுண்டபோது வந்தியத்தேவனைக் காக்க, நானே கொன்றேன் என்று பழியைத் தன் தலைமேல் ஏற்க முனைகிறாள். குந்தவையின் அறிவும் நந்தினியின் அழகும் பூங்குழலியின் துணிவும் கொண்டவளல்லள். அரண்மனையின் உள்கட்டிலிருந்து பிறர் சொல்லக் கேட்டே உலகை அறிந்த ஒரு பெண். உள்கட்டில் உட்கார்ந்து கதை கேட்டவர்களுக்கு அவள் யாரென்று எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஐந்தாம் பொதியில் ஒரு விபத்து. கடைசிப் பக்கங்களைக் கரையான் தின்றிருந்தது. மதி மயங்கித் திரியும் மணிமேகலையைத் தேடி வந்தியத்தேவன் வருகிற இடத்தோடு எங்கள் கதை நின்றுபோயிற்று. தமிழாசிரியரைக் கேட்கலாமென்றால், ஒரு பெண்பிள்ளை கதை முடிவுக்காகத் தெரு தாண்டிப் போய்க் கேட்பது அன்றைக்கு நடவாத காரியம். நம்மை அனுப்பினார்கள், அவர் வெளியூர் போயிருந்தார். அன்றிரவு நன்னியே முடித்துவிட்டார். ‘அவன் வந்து பேரு சொல்லிக் கூப்பிட்டான். அவளுக்குப் புத்தி தெளிஞ்சிருச்சு. கூட்டிக்கிட்டுப் போயி நல்லா வச்சிருந்தான். அவ்வளவுதான், வெளக்க அமத்துங்க’ என்றார். வீட்டார் அனைவருக்கும் அதுவே முடிவாயிற்று.

1968-இல் அக்காவுக்குத் திருமணம். மாப்பிள்ளை பினாங்கில் வாணிகம் செய்த சபுராளி. மூன்றாண்டுக்கு ஒருமுறை, பின்னர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஊருக்கு வருவார். வராத காலங்களில் கடிதம் வரும். அக்கடிதங்களை அக்காவே படித்துக்கொள்ள முடிந்தது. அதற்கு அந்த ஐந்து பொதிகள்தாம் காரணம் என்று அவர் சொல்வதுண்டு. ஏதோ ஓராண்டில், தஞ்சையில் படித்துக்கொண்டிருந்த நாம் நூலகத்திலிருந்து ஐந்தாம் பாகத்தை எடுத்து வந்து கொடுத்தோம். அன்றுதான் அக்கா உண்மையான முடிவைப் படித்தார். கடைசி அத்தியாயத்தின் பெயர் ‘மலர் உதிர்ந்தது’. வந்தியத்தேவனின் மடியில் மணிமேகலையின் உயிர் பிரிகிறது. அக்கா புத்தகத்தை மூடி நம்மிடம் கொடுத்து, ‘நன்னிக்கிட்ட சொல்லாத’ என்றார். நன்னி மவுத்தாகும் வரையில் நாங்கள் சொல்லவில்லை.

இந்நாவலைப் படமாக்கும் பேச்சு, நாவலை நாங்கள் அறியும் முன்பே எழுந்துவிட்டது. ‘நாடோடி மன்னன்’ வெளியான அதே 1958-இல் எம்.ஜி.ஆர். அதன் உரிமையைப் பெற்றார். அது படமாகவில்லை. பின்னும் பலர் முயன்றார்கள். 1999-இல், கல்கியின் நூற்றாண்டில், சென்னையில் மேஜிக் லேண்டர்ன் குழுவினர் அதனை மேடை நாடகமாக நடத்திக் காட்டினர். அந்நாடகத்தை எழுதிய குமரவேல், மணிரத்னத்தின் திரைக்கதையிலும் பங்கேற்றார்; உரையாடல் ஜெயமோகன். முதற்பாகம் 2022 செப்டம்பர் 30-இலும், இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28-இலும் வெளிவந்தன. அறுபத்துநான்கு ஆண்டுக் காத்திருப்பு. இவ்வளவு காலம் காத்தவன் விருந்தில் குறை சொல்லலாகாது என்பார்கள். ஆனால் காத்திருந்தவனுக்குத்தானே பசி அதிகம்!

முதலில் நிறைகளைச் சொல்லிவிடுவதே முறை. படம் கேவலமான படமன்று. ரவி வர்மனின் ஒளிப்பதிவும் ஏ.ஆர். ரஹ்மானின் பின்னணி இசையும் தேசிய விருது பெற்றவை. அவ்விருதுகள் தகுதிக்குக் கிடைத்தவை என்றே கூறுவோம். முதற்பாகம் சிறந்த தமிழ்ப்படமாகவும் தேர்வாயிற்று. கார்த்தியின் வந்தியத்தேவனைக் கண்டதும் அக்கா முக்காட்டை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தார். ‘இவன்தான், இவனேதான்’ என்றார். ஜெயராமின் ஆழ்வார்க்கடியானும் அவருக்குப் பிடித்திருந்தது. ஏறத்தாழ ஐந்தரை மணி நேரத்துக்குள் ஐந்து பாகங்களை அடக்க வேண்டுமென்றால் எதையாவது வெட்டித்தான் ஆகவேண்டும் என்பதை உணராத மூடர்களல்லர் நாம்.

நம் கேள்வி, எது வெட்டப்பட்டது என்பதுதான்.

நாவல் ஏரிக்கரையில் தொடங்க, படம் போர்க்களத்தில் தொடங்கிற்று. அதன்பின் ஒரு பாட்டில் பொன்னி வந்தாள், ரஹ்மானே பாடியிருந்தார், நல்ல பாட்டு. அப்பாட்டு முடிந்ததும் பொன்னி விடைபெற்றுக்கொண்டாள். அப்புறம் கோட்டை, மதில், படிக்கட்டு, திரைச்சீலை, தீவட்டி. படப்பிடிப்பு தாய்லாந்திலும், ஐதராபாத்திலும், மத்தியப் பிரதேசத்து ஓர்ச்சா, குவாலியர் கோட்டைகளிலும், நர்மதைக் கரையிலுள்ள மகேசுவரத்திலும் நடந்தது. சோழர் அரண்மனைகள் செங்கல்லாலும் மரத்தாலும் ஆனவை, ஒன்றும் எஞ்சவில்லை. பழையாறையில் இன்று நிற்பவை கோயில்களும் வயல்களும். பக்கத்தில் ‘சோழன்மாளிகை’ என்று ஓர் ஊர்ப்பெயர் மட்டும் மிச்சம். தஞ்சைப் பெரிய கோயிலோ 1010-இல் முற்றுப்பெற்றது. கதை நடக்கும் காலத்தில் அதற்கு அடிக்கல்கூட இல்லை. ஆகவே அரண்மனைக்காக வடக்கே போனதை நாம் மன்னித்துவிடுகிறோம். முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் பெயரால் மாளிகை எழுந்த ஓர்ச்சாவில் சோழர்கள் உலவியதைக் கண்டு நமக்குள் சிறிது நகைப்பும் உண்டாயிற்று. இந்நாட்டின் சரித்திரம் அப்படிப் பின்னிக் கிடப்பது ஒரு வகையில் நல்லதே.

அரண்மனை அழியலாம், ஆறு அழிந்ததா? வெண்ணாறு ஓடுகிறது, குடமுருட்டி ஓடுகிறது, அரிசிலாறு ஓடுகிறது. அதே 2022-இல் மேட்டூர் அணை மே 24-ஆம் நாளே திறக்கப்பட்டது. வழக்கமான ஜூன் 12-க்கு முன்னதாகவே தண்ணீர் வந்து சேர்ந்த ஆண்டு அது. ஆகஸ்டுத் தொடக்கத்தில், ஆடிப்பெருக்கை ஒட்டியே, கொள்ளிடம் பெருவெள்ளமாகப் போயிற்று. அவ்வெள்ளத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு இரண்டு மாதம் கழித்துக் கொட்டகைக்குப் போனவர்கள் நாங்கள். திரையில் நாற்று இல்லை, மடை இல்லை, சேறு இல்லை, களத்துமேடு இல்லை. இந்நாட்டு அரசு எதனால் பெருத்தது, இந்தப் பழுவேட்டரையர்களும் சம்புவரையர்களும் எதற்காக அடித்துக்கொள்கிறார்கள் என்பதற்கான விடை அந்தச் சேற்றில் அல்லவா இருக்கிறது?

இவ்விடத்தில் நமக்கு உமறுப்புலவர் நினைவுக்கு வந்தார். சீறாப்புராணத்தின் விலாதத்துக் காண்டத்தில் நாட்டுப் படலத்தை நம் வாசகர்கள் ஓதியிருப்பார்கள். புலவர் அரபு நாட்டை வருணிக்கப் புகுகிறார். மேகம் திரள்கிறது, மலையில் மழை பொழிகிறது, வெள்ளம் பெருகி ஆறாகிறது, உழவர் ஏர் பூட்டுகிறார்கள், பெண்கள் நடவு நடுகிறார்கள், நெற்கதிர் சாய்கிறது. பாலைவனத்தில் நஞ்சை வயல்! புவியியல் பிழை என்று சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. நாம் சிரிப்பதில்லை. தாம் உயிரினும் மேலாகப் போற்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பிறந்த மண்ணைச் சிறப்பிக்க, தமக்குத் தெரிந்த மிக உயர்ந்த செல்வத்தை அங்கே கொண்டுபோய் வைத்தார் அவர். ஒரு தமிழ்ப் புலவனுக்குத் தண்ணீரைவிடப் பெரிய காணிக்கை ஏது? இல்லாத ஆற்றைப் பாலையில் ஓடவிட்டார் உமறுப்புலவர். இருக்கிற ஆற்றை விட்டுவிட்டு நர்மதைக்குப் போனது நம் சினிமா.

படம் முடிந்து வாடகைக் காரில் பூதலூருக்குத் திரும்புகையில் அக்கா அதிகம் பேசவில்லை. ‘சண்டதான் சாஸ்தியா இருந்துச்சு’ என்றார். சிறிது நேரம் கழித்து, ‘மணிமேகலய ரெண்டாவதுல காட்டுவாங்களா இருக்கும்’ என்றார். ஏழு மாதம் அந்நம்பிக்கையில் கழிந்தது. கடம்பூர் மாளிகை கதையின் நடுநாயகமாவது பின்பகுதியில்தானே? நாமும் அப்படித்தான் எண்ணினோம்.

இரண்டாம் பாகத்துக்கு அக்காவின் பேரனும் உடன் வந்தான். கடம்பூர் வந்தது. கந்தமாறன் வந்தான். கரிகாலனும் நந்தினியும் எதிரெதிரே நின்ற காட்சி, ஒப்புக்கொள்கிறோம், நெஞ்சை உலுக்கியது. விக்ரமின் நடிப்பு அங்கே உச்சம். அக்கா அடிக்கடி நம் பக்கம் திரும்பி ‘எங்க?’ என்று கேட்டுக்கொண்டிருந்தார். கொலை நடந்தது. பழியைத் தன் தலையில் ஏற்க ஒருத்தியும் முன்வரவில்லை. சேந்தன் அமுதன்தான் உண்மையான உத்தம சோழன் என்னும் அந்த அரிய திருப்பமும் கைவிடப்பட்டு, மதுராந்தகனே முடிசூடினான். படம் முடிந்தது. மணிமேகலை வரவில்லை. அப்படி ஒருத்தி பிறக்கவே இல்லை என்பதுபோல் விளக்குகள் எரிந்தன. ஜனங்கள் எழுந்து போனார்கள்.

நன்னி அவளை உயிரோடு வாழவைத்தார். கல்கி அவளைச் சாகவைத்தார். இரண்டையும் அக்கா தாங்கிக்கொண்டார். இந்த மூன்றாவதை அவரால் தாங்க முடியவில்லை. கொட்டகையின் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

மூலத்தை மாற்றக் கலைஞனுக்கு உரிமை உண்டு என்பதில் நமக்கு ஐயமில்லை. கல்கியே சரித்திரத்தை வேண்டியபடி வளைத்தவர். நந்தினி சரித்திரத்தில் இல்லை, மணிமேகலையும் இல்லை. ரசிகர்களின் மனக்குறையும் புதிதன்று. தொடர் முடிந்த 1954-இலேயே கதையைத் திடுமென நிறுத்திவிட்டதாக வாசகர்கள் குறைப்பட்டிருக்கிறார்கள். அதற்காகவே கல்கி ஒரு முடிவுரை எழுதி, பாத்திரங்கள் பின்னர் என்ன ஆனார்கள் என்று விளக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டு டிசம்பர் 5-இல் அவர் காலமானார். ஆசிரியன் அப்படி வாசகனுக்குப் பதில் சொல்ல நின்றான் என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்கிறோம்.

திரும்பும் வழியில் பேரன் ஆறுதலாக ஏதேதோ சொன்னான். இந்தக் கதி உலகமெங்கும் நடக்கிறதாம். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ என்னும் ஆங்கிலத் தொடர் 2011 முதல் 2019 வரை எட்டுப் பருவங்கள் ஓடிற்று. மூலநூலின் ஆசிரியர் ஐந்தாம் நூலோடு நிற்க, தொடர் அவரையும் முந்திக்கொண்டு போய்த் தானே முடிவு கட்டிவிட்டது. இறுதிப் பருவத்தைத் திரும்ப எடுங்கள் என்று பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்களாம். டோல்கீனின் கதையுலகைத் தழுவிய ‘ரிங்ஸ் ஆஃப் பவர்’, நம் படத்துக்கு நான்கு வாரம் முன்னதாக, அதே 2022 செப்டம்பரில் வந்தது. அதன்மீதும் மூலநூல் அன்பர்கள் மனம் நொந்தார்கள். எல்லாம் பெரும்பொருட்செலவு, எதிலும் குறைந்தது பொறுமை. கையெழுத்து விவரத்தைக் கேட்ட அக்கா, ‘நாம எங்க போயி கையெழுத்துப் போடுறது?’ என்றார். வேடிக்கையாகச் சொன்னாரா வினையாகச் சொன்னாரா என்று தெரியாமல் பேரன் விழித்தான்.

இரண்டு படமாக எடுக்காமல் தொலைக்காட்சித் தொடராக எடுத்திருந்தால் மணிமேகலைக்கு இடமிருந்திருக்குமே என்று நாமும் எண்ணியதுண்டு. வாரந்தோறும் வந்த கதைக்குத் தொடர்தானே இயல்பான வடிவம்! ஆனால் இன்றைய தொடர்களை நினைத்தால் அந்த ஆசையும் அடங்கிவிடுகிறது. 2002 முதல் 2005 வரை ‘மெட்டி ஒலி’ வந்தபோது அக்கா ஒருநாள் தவறாமல் பார்த்தார். ஐந்து பெண்களைப் பெற்ற தகப்பனின் கவலை அத்தொடர். எங்கள் தெருவில் அந்தக் கவலை அறியாத வீடில்லை. அதன்பின் வந்தவற்றில் மாமியார் பாலில் விஷம் கலக்கிறாள், மருமகள் முகத்தை மூன்று கோணத்தில் மூன்று முறை காட்டுகிறார்கள், இடி இடிக்கிறது. அரைமணி நேரம் முடிந்துவிடுகிறது. கல்கியும் ஒவ்வொரு வாரமும் வாசகனைத் தொங்கலில் விட்டவர்தான். ஆனால் தொங்கவிட்ட கயிற்றின் மறுமுனையில் ஒரு மனுஷி இருந்தாள். இப்போது கயிறு மட்டும் தொங்குகிறது. அக்கா தொடர் பார்ப்பதை நிறுத்திப் பல ஆண்டுகளாகின்றன.

அவ்வாண்டு, அதாவது 2023-இல், ஜூன் 12-ஆம் நாள் அணை திறந்தும் தண்ணீர் நிலைக்கவில்லை. டெல்டாவில் குறுவை காய்ந்தது. அக்டோபர் 10-ஆம் நாள் மேட்டூரையே மூடினார்கள். பொன்னியின் பெயரில் கோடி கோடியாகக் குவிந்த ஆண்டில் பொன்னியில் நீரில்லை. இதற்குப் படமெடுத்தவர்கள் மீது பழிசொல்வது அறிவீனம். கர்நாடகத்தில் மழை பொய்த்ததற்கு அவர்கள் என்ன செய்வார்கள்? ஆனாலும் வெடித்துக் கிடந்த வயலோரம் நடந்து பள்ளிவாசலுக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பாட்டு காதில் கேட்டது. எங்கிருந்தோ யாரோ கைப்பேசியில் ஒலிக்கவிட்டுக்கொண்டிருப்பார்கள். இனிய பாட்டுத்தான்.

சென்ற நோன்பு மாதத்தில், ஒருநாள் மாலை அக்கா வீட்டில் நோன்பு திறந்தோம். தொலைக்காட்சியில் ‘பொன்னியின் செல்வன்’ இரண்டாம் பாகம் ஓடிக்கொண்டிருந்தது. பேரனின் மகளுக்கு ஒன்பது வயது. நந்தினியின் நகைகளை வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, ‘இதுல ஒருத்தி இல்ல, தெரியுமா?’ என்றார்.

‘யாரு நன்னி?’

‘மணிமேகலன்னு ஒரு புள்ள. கடம்பூர்க்காரி.’

சிறுமி தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அக்கா அதைப் பொருட்படுத்தாமல் சொல்லத் தொடங்கினார். மணிமேகலையிலிருந்து தொடங்கவில்லை, ஆடிப் பதினெட்டு, ஏரிக்கரை, குதிரை என்று முதலிலிருந்தே தொடங்கினார். குதிரை என்றதும் சிறுமி என்ன நிறம் என்று கேட்டாள். அது கல்கியில் சொல்லப்பட்டிருக்கிறதா என்று அக்கா நம்மைப் பார்த்தார். நமக்கு நினைவில்லை. ‘வெள்ள’ என்று அவரே தீர்மானித்துவிட்டார். பேத்தி நகர்ந்து அவர் மடியருகே வந்தாள்.

நாம் பள்ளிவாசலுக்குப் போய் இஷாவும் தராவீஹும் தொழுதுவிட்டுத் திரும்பியபோது தொலைக்காட்சி அணைந்திருந்தது. கதை இன்னும் கடம்பூருக்கே வந்து சேரவில்லை. வழியில் ஆறு குறுக்கிட்டிருந்தது. வெள்ளம் வடியட்டும், நாளைக்குக் கடக்கலாம் என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தார்.